29, 41, 52: பயிற்றுநரைக் கேட்டீர்களா?

கேள்வி:

ஐயா, தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்ப அறக்கட்டளை ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியையும் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யையும் நடத்துகிறது. பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு உண்டு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் என மூன்று டிரேடு. அப்பாவுக்குப் பிறகு இரண்டு வருடமாக நான் செயலர்.

போன வருடம் ஐ.டி.ஐ. முடித்த 64 பேரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று அறங்காவலர்கள் கேட்டார்கள். பள்ளி அலுவலகம் 29 என்றது, ஐ.டி.ஐ. அலுவலகம் 41 என்றது, பயிற்றுநர்கள் 52 என்கிறார்கள். கூட்டத்தில் தலைகுனிவாகிவிட்டது. இனி இப்படி ஆகக்கூடாது என்று தலைமையாசிரியர், கணினி ஆசிரியர், அலுவலகக் கண்காணிப்பாளர், ஐ.டி.ஐ. முதல்வர், ஆடிட்டர் ஆகிய ஐவரைக் கொண்டு ஒரு தரவுக் குழு அமைத்தேன். பயிற்றுநர்களையும் பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியரையும் சேர்க்கலாமா என்று கேட்டபோது, "அவர்களுக்கு எக்செல்லே தெரியாது, படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும்" என்றார்கள் குழுவினர். தொழிற்கல்வி ஆசிரியரோ, "எங்களைக் கேட்டா எண்ணினீங்க?" என்று கோபித்துக்கொண்டு இப்போது எந்தப் படிவத்தையும் தொடுவதில்லை. அவர்களைச் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தால் எப்படி? இன்னொன்று: ஒரு கம்பெனி எங்கள் மாணவர்களின் பெயர், போன் நம்பர் பட்டியலைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

ஒரு செயலர், தேவகோட்டை வட்டாரம்

பதில்:

தம்பி, மூன்று எண்ணும் சரியானவைதான். யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் இணைத்திருந்த தாள்களை ஒரு சனிக்கிழமை முழுக்க வைத்துக்கொண்டு, பெயருக்குப் பெயர் டிக் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

29 பள்ளி அலுவலகத்தின் எண். உங்கள் கண்காணிப்பாளர் கறாரானவர் போலிருக்கிறது. நியமன ஆணையின் நகல் கைக்கு வந்தால்தான் 'வேலை' என்று எழுதியிருக்கிறார். 41 ஐ.டி.ஐ. அலுவலகத்தின் எண். கேம்பஸ் இன்டர்வியூ நடந்த அன்று கம்பெனிக்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டியல் அது. அன்று மாலை அது உண்மை. அப்புறம் அதில் 12 பேர் சேரவே இல்லை, அல்லது இரண்டு மாதத்துக்குள் ஊர் திரும்பிவிட்டார்கள். 41-இல் 12 போனால் 29. ஆக இந்த இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளவே தேவையில்லை.

52 பயிற்றுநர்களின் எண். அந்த 29 பேர். அந்த 12 பேரில் வேறு இடம் பார்த்துக்கொண்ட 6 பேர். ஆணை, காகிதம் எதுவும் இல்லாமல் உள்ளூரிலேயே தொழில் பார்க்கும் 9 பேர். அப்ரண்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராக, போன 5 பேர். வெளிநாடு போன 3 பேர். மொத்தம் 52. 64-இல் மீதி 12 பேரில் 5 பேர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறார்கள். 4 பேர் ஜவுளிக்கடை, ஹோட்டல் என்று படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருக்கிறார்கள். 3 பேரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. 64-க்கும் கணக்கு நேர்.

இதை நேர் செய்ய எனக்கு உதவியது அந்த அழகான இரண்டு கம்ப்யூட்டர் தாள்கள் இல்லை. பயிற்றுநர்கள் மூவரும் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த நான்கு தாள்கள்தான். அவற்றில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெல்டர் பயிற்றுநரின் தாளில் ஏழாவது பெயருக்கு எதிரே பென்சிலில் 'ஆத்தங்குடி, அச்சு' என்று இருக்கிறது. இரண்டே சொல். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, பூ ஒரு நிறம், இலை ஒரு நிறம் என்று அந்தந்த அறைக்குள் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அச்சின் தகடு ஒரு நூல் விலகினாலும் பூவின் நிறம் இலைக்குள் போய்விடும். உங்கள் பையன் அந்த அச்சுகளைச் செய்கிறான், பழையவற்றைப் பற்றவைத்துச் சரி செய்கிறான். ஓர் அச்சுக்கு இவ்வளவு என்று கூலி. நியமன ஆணை யார் கொடுப்பார்கள்? அலுவலகத் தாளில் அவன் பெயருக்கு எதிரே 'விவரம் இல்லை' என்று இருக்கிறது. 64 பேரில் கற்ற தொழிலைச் சொந்த மண்ணின் வேலைக்கே பயன்படுத்துகிற ஒருவன், உங்கள் ஆண்டறிக்கையில் காணாமல் போனவனாக இருக்கிறான்.

அதே தாளில் இன்னொரு பெயருக்கு எதிரே 'மாமா லேத், காலை. + படிப்பு' என்றிருக்கிறது. காலையில் மாமாவின் லேத் பட்டறையில் வேலை, பிறகு ஏதோ வகுப்பு. உங்கள் கணினி ஆசிரியர் செய்த படிவத்தில் 'நிலை' என்ற கட்டத்துக்குள் உயர்கல்வி, வேலை, சுயதொழில், ஏதுமில்லை என்று நான்கு விடைதான் உண்டு. ஒன்றைத்தான் அமுக்க முடியும். இந்தப் பையனுக்கு எதை அமுக்குவது? படிவம் செய்தவரைக் குறை சொல்லவில்லை. பட்டறைப் பக்கம் போகாத ஒருவருக்கு, இப்படி ஓர் ஆள் இருப்பான் என்றே தோன்றியிருக்காது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. சேர்ப்பதா வேண்டாமா என்பதை விட்டுவிடுங்கள். அவர்கள் இல்லாமல் அந்த ஐவர் குழுவால் ஒரு வேலையும் ஆகாது.

தரவு ஆளுகை என்று ஒரு சொல்லைப் பெரிதாகச் சொல்கிறார்கள். சொன்ன உடனே சர்வர், சாஃப்ட்வேர், பாஸ்வேர்டு என்று நினைப்பு ஓடி, கணினி ஆசிரியரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறோம். உள்ளே பார்த்தால் அது ஐந்து சின்னக் கேள்விதான். ஒரு சொல்லுக்கு இன்ன பொருள் என்று யார் முடிவு செய்வது, யார் எழுதுவது, தப்பு இருந்தால் யார் திருத்துவது, யார் யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பது. முதல் கேள்வியில் சறுக்கினால் மற்ற நான்கும் வீண். 'வேலை' என்ற ஒரே சொல்லுக்கு உங்களிடம் மூன்று பொருள் இருந்தது. அதனால் மூன்று எண் வந்தது. அதைத் தீர்க்க எக்செல் தெரிந்தவர் தேவையில்லை. எந்தப் பையன் எங்கே என்ன செய்கிறான் என்று தெரிந்தவர் தேவை.

செட்டிநாட்டில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்வதே வேடிக்கைதான். உங்கள் பாட்டையா காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக்கடை வைத்தவர்கள் ஊரிலிருந்தபடியே அதை நடத்தினார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் சிட்டை (அன்றாடக் கணக்கு) எழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகிப் பொறுப்பு ஏற்பான். கடையிலிருந்து ஐந்தொகை, அதாவது வரவு, கடன், இருப்பு எல்லாம் சுருக்கிய கணக்கு, ஊருக்கு வரும். கடனைக் கொடுத்த ஆள்தான் அதை எழுதினான். வாங்கினவன் முகம் அவனுக்குத் தெரியும். அதுவும் ஒரு தொழிற்கல்விதான், சான்றிதழ்தான் கிடையாது. உங்கள் வீட்டு மேல்மாடிப் பெட்டியில் பழைய பேரேடு ஒன்றாவது இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

எக்செல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. ஃபிட்டர் பயிற்றுநர் என்பவர் 15 வயதுப் பையனுக்கு வெர்னியர் காலிபரில் 0.02 மில்லிமீட்டரும் மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டரும் பார்க்கச் சொல்லித் தருகிறவர். கருவியில் பிழை இருந்தால் அதை முதலில் கழித்துவிட்டுத்தான் அளவை எழுத வேண்டும் என்று முதல் மாதத்திலேயே பாடம் எடுக்கிறவர். அளவுக்கும் பிழைக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரிந்த மாதிரி உங்கள் குழுவில் யாருக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். ஆடிட்டர் கோபித்துக்கொள்ள வேண்டாம். எக்செல்லை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம், அல்லது வேறொருவர் தட்டட்டும்.

தொழிற்பிரிவின் விவரங்கள் பள்ளி விவரங்களை மாதிரி இல்லை என்பதையும் குழு உணர வேண்டும். பள்ளி மாணவரின் விவரம் மாநிலத்தின் பள்ளித் தரவுத் தளமான எமிஸுக்குப் போகிறது, நாடு முழுவதற்குமான யூடைஸுக்குப் போகிறது. அது பள்ளிக் கல்வித்துறை. ஐ.டி.ஐ. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்குக் கீழே வருகிறது. பாலிடெக்னிக் போனால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பையன் ஒருவன்தான், துறை மூன்று, பதிவு எண் மூன்று. பள்ளி ஜூனில் திறக்கிறது, ஐ.டி.ஐ. வகுப்பு ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. 'இந்த ஆண்டு' என்று ஒரு தலைப்புப் போட்டாலே இரண்டு பக்கமும் வேறு வேறு மாதத்தை நினைத்துக்கொள்கிறது. ஐ.டி.ஐ.யில் பருவத் தேர்வு முறை போய் 2018-இல் ஆண்டு முறை வந்தது. சான்றிதழ்களைத் திறனுக்கேற்ப நிலை நிலையாக அடுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் 10 நிலைகள் இருந்தன, 2023-இல் அவற்றை 8 ஆக்கினார்கள். பழைய சான்றிதழின் நிலை எண்ணையும் புதியதையும் ஒரே பத்தியில் போட்டு ஒப்பிட்டால் என்ன ஆகும்? தரம் இறங்கிவிட்டது என்று ஒரு அறங்காவலர் எழுந்து பேசுவார். இந்த மாற்றங்கள் வந்த நாளில் வகுப்பில் நின்றவர்கள் பயிற்றுநர்கள். அவர்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள்.

உங்கள் பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியர் விஷயமும் இங்கேதான் வருகிறது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. பிறகு ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமல் எத்தனையோ பள்ளிகளில் அந்தப் பிரிவு மெல்ல மெல்ல மூடப்பட்டதைப் பார்த்தவர் அவர். அவருக்கு எண் என்றால் அது தன் பிரிவின் ஆயுள். அப்படிப்பட்டவரிடம் கேட்காமல் அவர் பிரிவை எண்ணினால் கோபம் வராதா? இன்னொன்றும் உங்கள் தாள்களில் பார்த்தேன். அவரிடம் பிளஸ் டூ முடித்த 7 பேர் உங்கள் ஐ.டி.ஐ.யிலேயே சேர்ந்திருக்கிறார்கள். பள்ளி அவர்களை 'மேற்படிப்பு சேர்ந்தோர்' என்று எண்ணுகிறது, ஐ.டி.ஐ. 'புதிய சேர்க்கை' என்று எண்ணுகிறது, அறக்கட்டளை அறிக்கை இரண்டையும் கூட்டி ஒரு பெரிய எண்ணாகப் போடுகிறது. தவறு சின்னதுதான். ஆனால் அந்த ஏழு பேரும் இரண்டு பக்கத்திலும் ஒரே ஆட்கள் என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான், ஏனென்றால் பள்ளிப் பதிவில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஐ.டி.ஐ. பதிவில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது.

இந்த இனிஷியல் சங்கடத்தை லேசாக நினைக்காதீர்கள். அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது, ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு. எமிஸில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் பணம் எங்கோ நின்றுவிடும். அந்தப் பிள்ளை முதலில் யாரிடம் வந்து சொல்லும்? அலுவலக ஜன்னலில் நின்று கேட்கக் கூச்சப்பட்டு, பட்டறையில் பயிற்றுநரிடம்தான் சொல்லும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. அமெரிக்காவில் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் பெர்கின்ஸ் சட்டம் என்று ஒன்று உண்டு. 2006-இல் வந்த அதன் பழைய வடிவத்தில், தொழிற்கல்வியை முனைந்து படிக்கும் மாணவர் யார் என்பதை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக எண்ணியது; ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியவில்லை. 2018-இல் சட்டத்தைப் புதுப்பித்தபோது, பள்ளி அளவில் ஒரே தொழிற்கல்வித் திட்டத்தில் குறைந்தது இரண்டு பாடம் முடித்தவர் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். கூடவே, அந்தப் பணத்தைப் பெறும் ஒவ்வொரு உள்ளூர் கல்வி அமைப்பும் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தன் தேவையை மதிப்பிட வேண்டும், அதில் தொழிற்கல்வி ஆசிரியர்களையும் கலந்து பேச வேண்டும் என்றும் இருக்கிறது. கலந்து பேசினால் நல்லது என்ற யோசனையாக அதை விடாமல், கட்டாயமாக்கிவிட்டார்கள்.

சரி, எப்படிச் சேர்ப்பது?

முதலில் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். நீங்களே அந்த ஆசிரியரின் பட்டறைக்குப் போங்கள். உட்கார ஸ்டூல் போடுவார், டீ வரும். "64 பேரையும் நேர் பண்ணினது உங்க ஆளுங்க தாளை வச்சுத்தான் அண்ணே" என்று சொல்லுங்கள். அவர் வயதுக்கு அந்த 'அண்ணே' போதும். குழுவில் உட்காரச் சொல்லிக் கேட்பது அதற்குப் பிறகு.

இருக்கிற ஐவரோடு மூன்று பேர் சேர்ந்தால் போதும்: பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியர், பயிற்றுநர்களில் ஒருவர், கம்பெனிகளோடு போனில் பேசி இன்டர்வியூ ஏற்பாடு செய்பவர். மூன்று டிரேடிலிருந்தும் ஆள் வேண்டும் என்று இழுக்காதீர்கள். பயிற்றுநர்களே தங்களுக்குள் ஒருவரைச் சொல்லட்டும், அடுத்த வருடம் மாறிக்கொள்ளட்டும். கூட்டத்தைப் பட்டறை நேரத்தில் வைக்கவே கூடாது. இருபது பையன்கள் கையில் ஹோல்டரோடு வெல்டிங் செய்துகொண்டிருக்கும்போது பயிற்றுநரை ஆபீசுக்குக் கூப்பிடுவது ஆபத்து. அவர் வராவிட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது அதைவிட மோசம். முடிந்தால் கூட்டத்தைப் பட்டறையிலேயே வையுங்கள். ஆடிட்டருக்குக் கிரீஸ் வாசனை பழகட்டும்.

அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். கூடுதல் சம்பளம் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். படிவத்தைக் குறையுங்கள். உங்கள் தாள்களில் வெல்டர் டிரேடின் வருகை விவரம் மட்டும் நான்கு இடத்தில் இருக்கிறது: பயிற்றுநரின் பதிவேடு, அலுவலக ரிஜிஸ்டர், மாத அறிக்கை, கணினி ஆசிரியரின் எக்செல். நான்கையும் எழுதுவது ஒரே கைதான். முதல் கூட்டத்தில் அதில் இரண்டைத் தூக்கிவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் கூப்பிடாமலே வருவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருள் போதும்: 'வேலை' என்றால் என்ன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் இப்படி ஆரம்பிப்பேன்: சான்றிதழ் கைக்கு வந்து ஆறு மாதம் ஆன அன்று, சம்பளமோ கூலியோ சொந்த வருமானமோ ஈட்டுபவர் வேலையில் இருப்பவர். அதற்குள் கற்ற தொழிலிலா, வேறு தொழிலிலா என்று தனியாக ஒரு கேள்வி. படிக்கிறாரா என்பதும் தனிக் கேள்வி, வேலைக்கு எதிர்ப்பதமாக வைக்காதீர்கள். லேத் பட்டறைப் பையன் இரண்டிலும் இருக்கட்டும். அப்ரண்டிஸைத் தனி வரியாகக் காட்டுங்கள், ஏனென்றால் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அது பயிற்சி. உதவித்தொகை வந்தாலும் அது சம்பளம் ஆகாது. ஆதாரம் என்ன? நியமன ஆணை இருந்தால் நல்லது, இல்லையென்றால் பயிற்றுநர் நேரிலோ போனிலோ பேசிய தேதி. அந்தத் தேதியைக் கட்டாயம் எழுத வேண்டும். இதையெல்லாம் பயிற்றுநர்கள் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். நான் எழுதியது உங்கள் பட்டறையைப் பார்க்காமல் எழுதியது.

அடுத்த கூட்டத்துக்கு 'இடைநின்றவர்'. அது வேலையைவிடக் கஷ்டமான சொல். தங்கை கல்யாணத்துக்குப் பணம் வேண்டி நான்கு மாதம் திருப்பூர் போய்விட்டு வந்து மறுபடி சேருகிறவன் இடைநின்றவனா? பள்ளியில் டி.சி. வாங்கினால் கணக்கு முடிந்தது. ஐ.டி.ஐ.யில் பெயர் நீக்கம் ஆன பிறகும் பையன் பயிற்றுநருக்கு போன் செய்துகொண்டிருப்பான். இதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை. அவர்கள் பேசட்டும்.

இப்படி முடிவான சொற்களை ஒரே பக்கத்தில் எழுதி, பள்ளி அலுவலகம், ஐ.டி.ஐ. அலுவலகம், பட்டறை என மூன்று இடத்திலும் ஒட்டுங்கள். அந்தப் பக்கத்தை மாற்றும் உரிமை தொழிற்பிரிவு ஆட்களிடம் இருக்கட்டும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் தொழிற்பிரிவு பற்றிய எந்த எண்ணும் வெளியே, அறங்காவலர் கூட்டத்துக்குக்கூட, போகக்கூடாது. இது இல்லாமல் அவர்களுக்கு நாற்காலி மட்டும் போட்டால், படிவம் நிரப்புவதை இடம் மாற்றியதாகத்தான் ஆகும். அவர்கள் இரண்டாவது கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர்கள் சொல்வதெல்லாம் வேதம் என்றும் சொல்ல மாட்டேன். பிரிவு மூடப்படும் என்ற பயம் இருக்கிறவர், எண்ணைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கத் தோன்றும்; மனிதர்தானே. அதனால் சொல்லுக்குப் பொருள் அவர்கள் சொல்லட்டும், எண்ணியதைச் சரிபார்க்கிற வேலை கண்காணிப்பாளரிடம் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை பத்துப் பெயரைக் குருட்டாம்போக்கில் எடுத்து அவரே போன் செய்து பார்க்கட்டும். அவருடைய கறார் இதற்குப் பயன்படும். திருத்தம் வந்தால் அழித்துவிட்டு எழுத வேண்டாம். பழைய எண்ணின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் புதிய எண், சுருக்கொப்பம், தேதி. பேரேட்டில் செய்வது போலத்தான். கம்ப்யூட்டரிலும் பழைய எண்ணுக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே 41 என்று எங்காவது எழுத்தில் கொடுத்திருந்தால், சத்தமில்லாமல் மாற்றாமல் விளக்கக் கடிதம் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

கம்பெனி கேட்கும் பட்டியலுக்கு: கொடுக்காதீர்கள்.

2023-இல் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் வெளியானதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லாரும் குழந்தை. குழந்தையின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதுவும் சரிபார்க்கக்கூடிய சம்மதமாக இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் 14 வயதிலேயே சேரலாம் என்பதால் உங்கள் பயிற்சி மாணவர்களில் பலர் இந்தக் கணக்கில் குழந்தைகள். அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்களைப் போன்ற சின்ன அறக்கட்டளை மேல் அந்த உச்சம் பாயும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று புரிகிறதல்லவா.

கம்பெனி உண்மையிலேயே ஆள் தேடுகிறது என்றால் வழி சுலபம். அவர்கள் அறிவிப்பை உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் அதை மாணவர்களுக்கு அனுப்புங்கள், விருப்பம் உள்ளவன் தானே அழைக்கட்டும். போன் நம்பர் உங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் யோசனை சொல்லப் போன ஒரு நிறுவனத்தில் (எது என்று வேண்டாம்) வேலை கிடைத்தவர்களின் போட்டோ, ஊர், கம்பெனி, சம்பளம் எல்லாவற்றையும் போட்டு வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். எனக்கும் அன்று அது நல்ல விளம்பரம் என்றுதான் பட்டது, வாய் திறக்கவில்லை. இரண்டு வாரத்தில் ஒரு அம்மா வந்தார். மகளுக்கு வெளிநாட்டில் இதைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்கித் தருவதாக யாரோ பேசி, முன்பணமாக நகையை அடகு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேசியவனுக்கு அந்தப் பெண்ணின் பெயர், ஊர், சம்பளம் எல்லாம் தெரிந்திருந்தது. அடகு வைப்பதற்கு முன்னால் அவர் கேட்க வந்தது, தையல் பயிற்றுநர் ஒருவரிடம். "ஃபிளெக்ஸ் வேணாம்னு அப்பவே சொன்னேன், யாரு கேட்டா" என்றார் அந்தப் பயிற்றுநர், என்னைப் பார்த்து. அப்போது அங்கேயும் ஒரு குழு இருந்தது. அதில் அவர் இல்லை.

எந்த வீட்டுக்குப் போட்டோ பெருமை, எந்த வீட்டுக்குத் தொந்தரவு என்பது பயிற்றுநருக்குத் தெரியும். ஆகவே 'யார் யார் பார்க்கலாம்' என்ற கேள்வியிலும் அவர்கள் வாயைத் திறக்க விடுங்கள். ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும் பழக்கம் உங்கள் ஐ.டி.ஐ.யில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இருக்கிறது என்று உங்கள் தாள்களிலேயே தெரிகிறது. எனக்கு அனுப்பிய கட்டில்கூட மூன்று பிள்ளைகளின் ஆதார் நகல் தவறி வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பயிற்றுநர்களின் நான்கு தாளைத் தனி உறையில் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தட்டச்சுக்குக் கொடுக்கும் முன்னால் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. 'ஆத்தங்குடி' தெரிகிறது, 'அச்சு' பாதிதான் தெரிகிறது.